தயிர்சாதத்தில் மண்ணெண்ணெய்

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. இனி ஆயுள் முழுக்கப் பேருந்தில் உங்கள் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். கல்யாண வீட்டில் யாரும் உங்களைக் கட்டிப்பிடித்துத் தொல்லை பண்ண மாட்டார்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என் சட்டைகளில் இரண்டு மூன்று இன்னும் ஓய்வு பெற மறுக்கின்றன. திருவொற்றியூரில் நான் ஏறினால் ராயபுரம் வரைக்கும் ஜன்னலோரம் எனக்குத்தான். மீன் ஆராய்ச்சியில் எனக்குக் கிடைத்த நிரந்தரப் பலன் அதுதான்.

உங்களுக்காக என் அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார்கள். சாதனைகளை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது, அதிலும் பாதி மற்றவர்கள் செய்தது. சரி, சொதப்பல்களை எழுதுவோம் என்று ஆரம்பித்தேன், பேனா நிற்கவே இல்லை. அதில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். மற்றவற்றில் எல்லாம் என் மானம் மட்டும்தான் போனது. இதில் இன்னொருவர் பிழைப்பே போயிருக்கும்.

சுவைக்குழு என்று ஒன்று நம் வேலையில் உண்டு. மீனை உப்பு, புளி, மிளகாய் எதுவும் இல்லாமல் அலுமினியத் தாளில் பொதிந்து, எண் போட்டு, ஆவியில் வேகவைத்துக் கொடுப்பார்கள். குழுவில் இருப்பவர்கள் பொதியைப் பிரித்து, முதல் ஆவியை மோந்து, கரண்டியால் ஒரு துண்டை எடுத்து மென்று, மதிப்பெண் போட வேண்டும். எது எந்த மீன் என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. நடுநடுவே வாயைச் சுத்தம் செய்ய வெந்நீரும் கொஞ்சம் பொரியும். பத்தியச் சாப்பாடும் போட்டுச் சம்பளமும் தருகிறார்கள் என்று என் மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் குழுவுக்கு நான் தலைவன். என் மூக்கு அப்படிப்பட்டது. இயந்திரம் சொல்வதற்கு முன்னாலேயே மீன் கெட ஆரம்பித்ததை நான் சொல்லிவிடுவேன் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பியது யார் என்று விசாரித்தால் என்னிடம்தான் வந்து நிற்பீர்கள். வீட்டில் பால் திரிந்துவிட்டதா என்று பார்க்க என் மனைவி பாத்திரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டுவார். மூக்குக்குக் கிடைத்த மரியாதை மெதுவாகத் தலைக்கு ஏறியது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுதானே.

சுவைக்குழு கூடும் நாளில் பவுடர் கூடாது, வாசனை எண்ணெய் கூடாது, காபி, பாக்கு எதுவும் கூடாது. வாசலில் நின்று ஒவ்வொருவரையும் மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவேன். கணக்குப் பிரிவு ஆள் ஒருவரை, ஷேவ் செய்த வாசனை வருகிறது என்று முகம் கழுவ அனுப்பினேன். திரும்பி வந்தவரை, சோப்பு வாசனை வருகிறது என்று மறுபடி அனுப்பினேன். என்னோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர் அமலா. என்னைவிட வேலை தெரிந்தவர், அதை என்னிடம் மறைக்கவும் மாட்டார். கையுறை போட்டுக்கொண்டு மீனைப் பொதியலாமே என்று அவர் ஒருமுறை கேட்டார். ரப்பர் வாசனை மீனில் ஏறிவிடும், நன்றாகக் கழுவிய கைக்கு ஈடாக ஒன்றும் கிடையாது என்று நான் ஒரு சிறிய பிரசங்கம் செய்து கையுறையைத் தடை செய்தேன். அந்த நன்றாகக் கழுவிய கையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்த சமயம் அது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவர் பக்கம் கை காட்டினார்கள். மார்க்கெட்டில் அந்தப் பக்கத்து மீன் என்றாலே ஜனங்கள் கூடையைத் தாண்டிப் போனார்கள். அப்போதுதான் பாளையம் என்ற பெண்மணி எங்களிடம் வந்தார்.

பாளையம் எங்கள் பயிற்சி வகுப்பில் படித்தவர். எர்ணாவூரில் நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு, மடவை மீனைச் சுத்தம் செய்து, முள் எடுத்து, உறையவைத்து விற்கும் சின்னக் கூடம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். முதல் பெரிய சரக்கு. ராயபுரத்தில் ஒரு குளிர்க் கிடங்கில் வைத்திருந்தார். அந்தப் பெண்களின் காதிலும் கழுத்திலும் இருந்ததெல்லாம் மீனாக மாறி அங்கே உறைந்து கிடந்தது. எண்ணெய் வந்த செய்தி பரவியதும் அதிகாரிகள் சரக்குக்குச் சீல் வைத்துவிட்டார்கள். எண்ணெய் வருவதற்கு முன்பே கடல் படகில் வாங்கியது என்று பாளையம் சொன்னார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். கடைசியில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வார்த்தைக்கு விட்டார்கள். எண்ணெய் வாசனை இருந்தால் குழி வெட்டிப் புதைக்க வேண்டியது, இல்லாவிட்டால் சீலைப் பிரிக்க வேண்டியது.

மூன்று வகை மீனைச் சோதிப்பது என்று முடிவு செய்தோம். பாளையத்தின் சரக்கு ஒன்று. கழிமுகத்திலேயே பிடித்த மடவை ஒன்று. மூன்றாவது, உள்நாட்டில் ஒரு பண்ணைக் குளத்தில் வளர்ந்த மடவை. எண்ணெயைக் கண்ணாலும் பார்க்காத அந்த மீன்தான் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கண்ட்ரோல். சரக்கையும் குளத்து மீனையும் அமலா கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் பாதியைத் தனியாகச் சீல் வைத்து உறைபெட்டியில் போட்டுவிடுவது அவர் பழக்கம். எதற்கு இந்த வேலை என்று நான் கேட்பதும் வழக்கம்.

கழிமுகத்து மீனுக்கு நானே போனேன், சோதனை நாளன்று விடியும்போது. படகு தேசப்பனுடையது. தேசப்பன் பாளையத்தின் கணவர். கழிமுகத்தில் வலை போடுகிறவர்.

"இன்னா சாரு, ஆபீசுலேந்து வராங்கன்னதும் எவனாவது இளசா வருவான்னு பாத்தேன். வழுக்கும், என் தோளப் புடிச்சிக்க."

"எனக்கெல்லாம் பழக்கம்தான் தேசப்பன்" என்றேன். சொல்லி வாயை மூடுவதற்குள் வழுக்கினேன்.

தண்ணீர் மேல் கறுப்பாக ஏடு கட்டியிருந்தது. வலையை இழுக்க நானும் கை கொடுத்தேன். உதவி என்று நான் நினைத்தேன், அவர் முகத்தில் அப்படித் தெரியவில்லை. மீனைப் பையில் போட்டுக் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்தது தேசப்பன்தான். கரையேறியபோது என் கை முழங்கை வரைக்கும் தார் பூசியது போல இருந்தது.

"இப்டியே போனா பஸ்ஸுல ஏத்த மாட்டான் சாரு."

"ஏத்துவாங்க. பக்கத்துலதான் உக்கார மாட்டாங்க."

அவர் சிரித்துக்கொண்டே படகு மோட்டாருக்கு வைத்திருந்த கேனை எடுத்தார். "சோப்பு போட்டா இது போவாது. கைய நீட்டு. எங்களுக்கெல்லாம் கிருஷ்ணாயில்தான் சோப்பு." மண்ணெண்ணெயைத் தாராளமாக ஊற்றினார். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு கரைந்து ஓடியது. என் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்து, கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தேன். அப்புறம் பம்ப்படியில் சோப்பும் போட்டேன். கையை மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. காலையிலிருந்து எண்ணெய்க்குள்ளேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்த மூக்குக்கு என்ன தெரியும்? ஆனால் அது என் மூக்காயிற்றே. சான்றிதழ் கொடுத்துவிட்டது.

"நம்ம வூட்டு மீனு கீதே, அத்த கொஞ்சம் பாத்து சொல்லு சாரு" என்றார் தேசப்பன், பெட்டியைத் தூக்கிக் கொடுக்கும்போது.

"மூக்கு என்ன சொல்லுதோ அதான் தேசப்பன்" என்றேன், நீதிபதி மாதிரி.

வழியில் ஒரு டீ மட்டும் குடித்தேன். சோதனை நாளில் காலையில் சாப்பிடக் கூடாது என்பதும் நான் போட்ட விதி.

ஆய்வுக்கூட வாசலில் வழக்கம் போல நின்று எல்லாரையும் மோந்து பார்த்தேன். அன்றைக்கு அமலா தலையில் மல்லிகைப்பூ.

"பூவோட உள்ள வரக் கூடாது அமலா."

"வெள்ளிக்கிழமை சார்."

"மீனுக்கு வெள்ளிக்கிழமை தெரியாது."

அவர் பூவை எடுத்து வாட்ச்மேன் நாற்காலியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தார்; வழக்கம் போலக் கழிமுகத்து மீனிலும் பாதியைச் சீல் வைத்து உறைபெட்டியில் போட்டார். நான் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, கைக்குட்டையைக் கோட்டுப் பைக்கு மாற்றிக்கொண்டு, மூன்று மீனையும் வெட்டி, ஒவ்வொரு துண்டாகப் பொதிந்தேன். கை ஈரமாகும்போதெல்லாம் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன். பொதிகளைக் கலைத்து எண் போட்டது அமலா. அதனால் எது எதுவென்று எனக்கும் தெரியாது. நியாயமான சோதனை.

பொதியைப் பிரித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மண்ணெண்ணெய். அடுத்தது, மண்ணெண்ணெய். அடுத்ததும். சுற்றிப் பார்த்தேன், எல்லார் முகமும் சுளித்திருந்தது. கணக்குப் பிரிவு ஆள் பொரியைக் கைப்பிடி கைப்பிடியாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார். இருப்பதிலேயே கடுமையான மதிப்பெண் என்னுடையது. தேடிப் போனது கிடைத்துவிட்டால் மனுஷனுக்கு ஒரு குஷி வரும். அந்தக் குஷி வரும்போது ஜாக்கிரதையாக இருங்கள். நான் இருக்கவில்லை.

அமலா எண்களைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், கண்ட்ரோலும் நாறுது."

"லாரியில வந்ததுதானே. டீசல் புகை ஏறியிருக்கும்."

"நீங்க எழுதியிருக்கிறது மண்ணெண்ணெய்."

"ரெண்டும் அண்ணன் தம்பிதான்."

"கண்ட்ரோல் நாறினா மீனைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது சார். நாமதான் நாறுறோம்னு அர்த்தம்."

இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். பண்ணைக் குளத்துக்குப் பக்கத்தில் மோட்டார் பம்ப் இருந்திருக்கும் என்றேன். விஞ்ஞானிக்குக் காரணம் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? முடிவு கையில் வந்துவிட்டால் போதும், காரணங்கள் தாமாக வரிசையில் வந்து நிற்கும்.

எங்கள் பொறுப்பு அதிகாரி நல்ல மனிதர். மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தால் எழுந்து நின்று பேசுவார். அன்று நான் போனபோது நின்றுகொண்டிருந்தார். "எல்லாத்துலயும் வாசனை இருக்குன்னு சொல்லிட்டேன். சாயங்காலம் கிடங்குக்கு லாரி அனுப்பறாங்களாம். குழி வெட்டியாச்சு. அறிக்கையில ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

சாப்பிட்டுவிட்டு வந்து போடுகிறேன் என்றேன். நீங்கள் என்னைப் பற்றி உயர்வாக நினைத்துவிடக் கூடாது. மனசாட்சி எல்லாம் உறுத்தவில்லை. பசி.

வராந்தா பெஞ்சில் பாளையம் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அங்கேதான். நான் பார்க்காத மாதிரி போனேன்.

"இன்னா சாரு, மூஞ்சியத் திருப்பிகினு போற."

"சாப்பிட்டு வந்து சொல்றேம்மா."

"நல்ல சேதியா இருந்தா இப்பவே சொல்லியிருப்ப" என்றார் பாளையம். நான் நடையை எட்டிப் போட்டேன்.

வீட்டுத் தயிர்சாதம், மோர்மிளகாய். டப்பாவைத் திறந்து, ஒரு ஓரமாகப் பிசைந்து, ஒரு வாய் வைத்தேன்.

மண்ணெண்ணெய்.

இன்னொரு வாய். சந்தேகமே இல்லை. உடனே மனைவிக்குப் போன் போட்டேன்.

"தயிர்சாதத்துல என்ன ஊத்தின?"

"தயிரு."

"மண்ணெண்ணெய் வாசனை வருது."

"கேஸ் வாங்கினதும் ரேஷன்ல மண்ணெண்ணெயை நிறுத்திட்டான். நம்ம வீட்டுல அதைப் பாத்தே எத்தனையோ வருஷம் ஆச்சு. பேசாம உங்க மூக்கை எங்கயாவது கொண்டுபோய்க் காட்டுங்க." வைத்துவிட்டார்.

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அமலா மெதுவாகத் தன் கரண்டியை நீட்டி, டப்பாவில் நான் கை வைக்காத பக்கத்திலிருந்து கொஞ்சம் எடுத்தார். "அருமையா இருக்கு. அக்காவுக்கு நல்ல கை." அப்புறம் நான் பிசைந்த பக்கத்திலிருந்து கொஞ்சம். முகம் சுவைக்குழுவில் சுளித்த மாதிரியே சுளித்தது. கரண்டியைக் கீழே வைத்தார்.

"கையை நீட்டுங்க சார்."

நீட்டினேன். மோந்து பார்த்தார்.

"பையில என்ன?"

கைக்குட்டையை எடுத்தேன். அதை அவர் விரலால் தொடவில்லை. இடுக்கியைக் கொண்டுவந்து பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு வெளியே போய், வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து மல்லிகைப்பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். என் பணிக்காலத்தில் எத்தனையோ கண்டனக் குறிப்பு வாங்கியிருக்கிறேன். அந்தப் பூவைப் போல ஒன்றும் இல்லை.

பொறுப்பு அதிகாரியிடம் ஓடினேன்.

"மேல சொல்லிட்டேனேய்யா" என்றார். மறுபடி எழுந்து நின்றுவிட்டார், இந்த முறை போன் வராமலே. "இப்ப என்னன்னு சொல்றது? எங்க ஆளு கர்ச்சீப்பை மோந்து பாத்துட்டு மீனைப் புதைக்கச் சொல்லிட்டாருன்னா?"

"அப்படியே சொல்லலாம் சார். சுருக்கமா இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. சரக்கில் நிஜமாகவே எண்ணெய் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். சரியான கேள்வி. சீல் வைத்த மீனை இன்று ராத்திரி யாரும் சாப்பிடப் போவதில்லை, ஆனால் புதைத்த மீனை நாளைக்குத் தோண்டி எடுத்துச் சோதிக்க முடியாது என்றேன். பாதி மீன் அமலாவின் உறைபெட்டியில் சீலோடு இருக்கிறது. என் கை படாதது. இன்று எல்லார் மூக்கும் களைத்துவிட்டது. காலையில் மறுபடி செய்யலாம். லாரியை மட்டும் நிறுத்துங்கள். 'இந்தச் சோதனை செல்லாது, காரணம் என் கை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை இரண்டு தடவை படித்துவிட்டு, பெருமூச்சு விட்டு, போனை எடுத்தார். நின்றுகொண்டேதான் பேசினார், ஆனால் பேசினார்.

சுலபமான பகுதி அதோடு முடிந்தது. வெளியே பாளையம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"அப்ப என் மீனு நல்ல மீனுன்னு எழுதிக் குடுத்துடு."

"அதுவும் தெரியாதும்மா."

"இன்னா சாரு பேஜாரு பண்ற. கெட்ட மீனுன்னு சொன்னது உன் கைய மோந்துட்டு. அத்த சொல்ல யோசிக்கல. நல்ல மீனுன்னு சொல்ல மட்டும் இன்னாத்துக்கு யோசிக்கற?"

தம்பிமார்களே, தங்கைமார்களே, இந்தக் கேள்விக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் பதில் இல்லை. செய்த தப்புக்குப் பரிகாரமாக அந்த நிமிடமே 'நல்ல மீன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் கையால் ஒரு டீயும் வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். என் வெட்கம் அதைத்தான் கேட்டது. ஆனால் சோதனை கெட்டுப்போனதால் மீன் நல்லதாகிவிடாது. காலையில் குஷியில் ஒரு பொய்யைச் சொல்லப் போனேன், மத்தியானம் வெட்கத்தில் இன்னொன்றைச் சொல்லப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் 'தெரியவில்லை' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. சொல்லிப் பாருங்கள், வாயில் நிற்காது, மோர்மிளகாய் மாதிரி எரியும்.

"எனக்குத் தெரியலம்மா. நாளைக்குத் தெரியும்."

பாளையம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாளிக்கு நீ அந்த ரூம்புக்குள்ள போவக் கூடாது" என்றார். அமலாவும் அதையேதான் சொன்னார்.

மறுநாள் காலையில் நான் என் ஆய்வுக்கூடத்தின் வெளிவாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கையும் பிளாஸ்டிக் பைக்குள்; மணிக்கட்டில் ரப்பர் பேண்ட். அமலாவின் ஏற்பாடு. வாசலில் அவரே நின்று எல்லாரையும் மோந்து பார்த்தார். எல்லார் கையிலும் கையுறை. கணக்குப் பிரிவு ஆள் என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, குனிந்து, என் பக்கம் ஒரு முறை மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனார். அவருக்கு அந்த உரிமை இருந்தது.

எனக்கு ஒரு பக்கம் பாளையம், மறுபக்கம் தேசப்பன். பேருந்தில் கூட எனக்கு இப்படி இரண்டு பக்கமும் ஆள் கிடைத்ததில்லை.

"நீதான் இவரு கையில ஊத்துனியா?" என்றார் பாளையம், என்னைத் தாண்டிக் கணவரிடம்.

"மனுசன் கலீஜா நின்னுகினு இருந்தாரு. பாவமா இருந்துச்சு."

"உன் பாவத்துல என் மீனு குழிக்குப் போயிருக்கும்."

"அவரு கழுவுனாரே, நல்லாத்தான் கழுவுனாரு."

"கழுவுன லட்சணந்தான் பையி கட்டி குந்தவச்சிகிறாங்க."

"நான் இங்கதாம்மா இருக்கேன்" என்றேன்.

"தெரிது சாரு. வாசன வருது."

உள்ளே பொதிகளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பாளையம் முந்தானையை எடுத்து விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். "என்னை நம்பித்தான் அதுங்க கம்மலக் கழட்டிக் குடுத்துச்சு" என்றார், யாரிடமென்று இல்லாமல். மூக்கைப் பற்றி எனக்கு இருந்த பெருமையில் மிச்சம் மீதி இருந்ததும் அந்த இடத்தில் போய்விட்டது.

அமலா வெளியே வந்தார். எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார்.

"குளத்து மீன்ல ஒண்ணும் இல்ல. உங்க சரக்குலயும் ஒண்ணும் இல்ல, பாளையம். சுத்தம். ஒருத்தர் கூட மாத்திச் சொல்லல." தேசப்பன் பக்கம் திரும்பினார். "கழிமுகத்து மீன்ல எண்ணெய் வாசனை இருக்கு. அதையும் எல்லாரும் கண்டுபிடிச்சிட்டாங்க."

பாளையம் முகத்தில் சிரிப்பு பாதி தூரம் வந்தது. அப்புறம் அவர் தேசப்பனைப் பார்த்தார். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. கழிமுகத்து ஆறு சுத்தமாகும் வரைக்கும் தேசப்பனுக்கு வலை இல்லை, படகு இல்லை.

"என் மீனு நல்லா கீது. இவரு ஆறு நாறுது" என்றார் பாளையம். "நான் இப்ப சிரிக்கட்டா அழட்டா சாரு?"

தேசப்பன்தான் சொன்னார்: "நீ சிரி. அழறதுக்கு நான் கீறேன்ல."

முதல் நாள் குஷியில் இருந்த என் மூக்கைக் கேட்டிருந்தால் நல்ல மீனும் குழிக்குப் போயிருக்கும். வெட்கத்தில் இருந்த என் கை எழுதியிருந்தால், சோதிக்காமலே எண்ணெய் மீனும் சந்தைக்குப் போயிருக்கும். இரண்டுமே தப்பு. நான் வெளியே உட்கார்ந்திருந்ததுதான் அந்த ஆய்வுக்கு என்னுடைய சிறந்த பங்களிப்பு. உங்களில் சிலருக்கும் அப்படி ஒரு நாள் வரும். பெஞ்சு வசதியாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள்.

அன்றைக்கே சீல் பிரிந்தது. தேசப்பன் படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு எர்ணாவூர் கூடத்தில் மனைவியிடமே வேலைக்குச் சேர்ந்தார். தலையில் வலைத் தொப்பி மாட்டியதும் அவரைப் பார்த்துப் பெண்கள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டதாம். ஆற்றில் வலை போட்ட மனுஷன், தலையில் வலை போட்டுக்கொண்டு நிற்கிறேன் என்று அவரே சொல்வார். கூடத்து வாசலில் பாளையம் ஒரு புது விதி போட்டிருந்தார்: உள்ளே போகிற எவரும் கையை நீட்ட வேண்டும், அவர் மோந்து பார்ப்பார். கழிமுகத்து மீனை அவ்வப்போது சோதிக்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நானும் எட்டிப் பார்ப்பேன். கையையும் நீட்டுவேன். எல்லாரும் கத்தியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க, பாளையம் நிதானமாக மோந்துவிட்டு ஒவ்வொரு முறையும் ஒரே தீர்ப்புத்தான் சொல்வார்: "சாரு, நீ வெளியவே குந்து. டீ அங்க வரும்."

சோதனைகள் நீண்டுகொண்டே போயின. ஒவ்வொரு முறையும் எண்ணெய் வாசனை. பிறகு லேசான வாசனை. பிறகு, இருக்கிறதா இல்லையா என்று குழுவுக்குள்ளேயே சண்டை. ஒவ்வொரு முறையும் தேசப்பன் போன் போட்டு, "இன்னா சாரு, என் ஆறு பாஸா?" என்பார். இல்லை என்று சொல்ல வேண்டிய வேலை என்னுடையது. ஒருமுறை கூட அவர், எழுதிக் கொடுத்துடு என்று கேட்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால், ஆறு பாஸ் என்று தேசப்பனிடம் ஒருவழியாகச் சொன்னதற்கு மறுநாள் காலை. வழக்கம் போல எர்ணாவூரில் வெளிப் பெஞ்சில் டீயோடு உட்கார்ந்திருந்தேன். தேசப்பன் தெருவில் வந்தார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு மீன் கூடை. கூடையை இறக்கிவிட்டு நேராக வாசலுக்குப் போய்க் கையை நீட்டினார். பாளையம் குனிந்து மோந்தார். மறுபடி மோந்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

"கிருஷ்ணாயிலு நாறுது" என்றார். "மோட்டாரு ஓட்டிகினு வந்துகிற. உள்ள வராத."

உள்ளே யாரோ சிரித்தார்கள். தேசப்பன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாளையம் அவருக்கும் ஒரு டீயை வெளியே அனுப்பினார். அவர் டீயைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நீயும் பாத்து சொல்லு சாரு."

பார்த்தேன். மண்ணெண்ணெய்தான். அன்றைக்கு என் மூக்கு தப்பு செய்யவில்லை.